நான்காவது அடைப்பு

ஆவணி 8, ஞாயிறு

டீச்சர், முதலில் கையெழுத்துக்கு மன்னிக்கவேண்டும். கோடு போட்ட நோட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை. சில மேலே ஏறிக்கொள்கின்றன, சில கீழே படுத்துக்கொள்கின்றன. எழுபது வயது வரைக்கும் மாட்டுக்கயிறே பிடித்த கை இது. பேனாவையும் கயிறு மாதிரியே இறுக்குகிறேன் என்று நீங்களே வகுப்பில் சொன்னீர்கள். அழுத்தியதில் தாள் பொத்துப்போய்விட்டது. பின்பக்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

வாரம் ஒரு பக்கம், நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் செங்காளியப்பன். இது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசை. செங்காளியப்பன். இவ்வளவு நீளமான பெயரை இத்தனை வருஷம் ஒரு கட்டைவிரலுக்குள் அடக்கிவைத்திருந்தேன்.

இன்று மாடுகளை இரண்டாவது அடைப்பிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன். இதை எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. என் மனைவி பாவாத்தாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, கெரயப் பத்திரமா எழுதறீங்க?” என்றாள்.

ஆவணி 11

தீவன மூட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘ஈரம் படாமல் வைக்கவும்.’ இத்தனை வருஷமும் மூட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தோம்.

ஆவணி 15, ஞாயிறு

அடைப்பு என்றால் என்ன என்று போன வாரப் பக்கத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பஸ்ஸில் வரும் ஊர்க்காரர், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது கொறங்காடு. உழுது விதைக்கிற காடு இல்லை. மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் அது பாட்டுக்கு மேயும். கடவு என்றால் வேலியில் உள்ள வாசல். எங்கள் அப்பா காலத்தில் முழங்காலுக்கு மேல் புல் நின்றது. பிறகு வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தது. மழை இல்லை, மழை இல்லை என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஷாகிரா என்ற பெண் வந்தாள். மண்ணை ஆராய்ச்சி செய்கிறவள். ஊரில் அவளுக்கு மண்ணு அம்மிணி என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் என் காட்டில் ஒரு புல்லைத் தூரோடு பிடுங்கிக் காட்டினாள். வேர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

“மாடு மேலே கடிக்கக் கடிக்க, கீழே வேரும் குறையுதுங்க அய்யா. மறுபடி தழையறதுக்குள்ள மறுபடி கடிச்சா, வேர் எப்படி இறங்கும்?” என்று கேட்டாள்.

காட்டை முள்ளடைத்து நான்காகப் பிரிக்கச் சொன்னாள். ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றும் ஓய்வில் இருக்கும். பாதி புல் மேய்ந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட வேண்டும். ஓய்வில் இருக்கும் புல் காற்றில் கலந்திருக்கும் கரியை இலையால் இழுத்து, வேர் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடுமாம். வேர் மக்கிய இடத்தில் அந்தக் கரி தங்கும். கரி தங்கிய மண்ணில் தண்ணீரும் தங்கும். ‘கரிமம்’ என்று நீங்கள் பலகையில் எழுதிக்காட்டியது இதைத்தான். அன்றைக்கு அந்தச் சொல்லை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். காலுக்கடியில் கிடக்கிற ஒன்றின் பெயரைக் கண்ணால் பார்த்தேன்.

நான் முதலில் அடைத்தது நான்காவது அடைப்பைத்தான். அதில் ஓர் இரும்பு முளை அடித்து அந்த இடத்து மண்ணை எடுத்துப் போனாள். ஒப்பிட்டுப் பார்க்க, எப்போதும் மாடு மேயும் காட்டில் இன்னொரு முளை வேண்டும் என்றாள். கிழக்கு வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டில் அதை அடித்தாள். அது என் தம்பியின் காடு. அவன் பெயரை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. நியாயம் என் பக்கம்.

இந்தப் புரட்டாசியில் அவள் வந்து அதே இரண்டு முளையில் மறுபடி மண் எடுப்பாள். அதுவரை, புல் விதை உதிரும்வரை, இந்தச் சுற்றில் நான்காவது அடைப்பில் மாடு இறங்கக்கூடாது. பால் சொசைட்டியில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான்காவது அடைப்பில் கரி ஏறியிருக்கிறது என்று கணக்கு வந்தால் அவர்களும் காட்டைப் பிரிப்பார்கள். வராவிட்டால் நானும் முள்ளைப் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

கை வலிக்கிறது. மீதி அப்புறம்.

ஆவணி 22, ஞாயிறு

மழை இல்லை. மூன்றாவது அடைப்பிலும் புல் இறங்கிவிட்டது. வாங்கிய சோளத்தட்டை மாடுகளுக்கு அளந்து போடுகிறோம். மயிலைக்கு விலா தெரிகிறது. மயிலை என் மூத்த பசு. வேலி ஓரம் போய் நின்று நான்காவது அடைப்பையே பார்க்கிறது. அங்கே புல் கதிர்விட்டு, காற்றில் சாய்ந்து சாய்ந்து நிற்கிறது.

பாவாத்தாள் இன்று பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“கண்ணு முன்னால புல்லு நிக்குது, வாயில்லாப் பண்டம் பட்டினி கெடக்குது. அந்த அம்மிணி வந்து பாத்தா, புல்லை எண்ணவா போறா? ஒரு நா தொறந்து உடுங்க.”

“புல்லை எண்ணமாட்டா. மண்ணைத்தான் எடுப்பா.”

“அப்பறமென்ன? மண்ணையா மாடு திங்குது?”

நான் கடவைத் திறக்கவில்லை. விதை உதிரட்டும். ஷாகிரா வந்து போகட்டும். அதற்கு முன் திறக்கமாட்டேன். இதை எழுதிவைத்துவிட்டேன், இனி மாற்ற முடியாது.

ஆவணி 25

பாவாத்தாள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகக் கிழக்கே போனாள். மோர் மிஞ்சிவிட்டதாம். கறவை வற்றிக் கிடக்கும்போது மோர் எப்படி மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

கிழக்கே செவலை கத்திக்கொண்டே இருக்கிறது. செவலையும் மயிலையும் ஒரு தாய் ஈன்றவை. பாகத்தில் மயிலை என் பக்கம் வந்தது, செவலை அந்தப் பக்கம் போனது. தம்பி காட்டில் புல் என்று சொல்ல எதுவும் இல்லை. மண் வெளுத்து, உள்ளங்கையால் தட்டினால் சிமெண்டுத் தரை மாதிரி சத்தம் கேட்கும். மாடும் ஆடும் வருஷம் முழுக்க அதற்குள்ளேயே நின்றால் வேறென்ன ஆகும்? சொல்ல ஆள் வேண்டும். சொல்லுகிற ஆள் நான் இல்லை.

இன்று வேலியோர வெள்வேல மரத்தில் தழை வெட்டினேன். வெட்டிய கிளைகளில் பெரியவை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டன. வயதாகிவிட்டது, கை நிதானம் இல்லை. போய் எடுக்கவா முடியும்? விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் செவலையின் சத்தம் நின்றது.

புரட்டாசி 3

இன்றும் தழை வெட்டினேன். இன்றும் அப்படியே விழுந்தது.

புரட்டாசி 5, ஞாயிறு

உங்கள் வகுப்பு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். சொசைட்டியில் பால் ஊற்றும் பழனிவேலு எல்லோரும் கேட்கும்படி ஆரம்பித்தான்.

“வாங்க பெரீப்பா. காத்தைப் புடிச்சு மண்ணுல பொதைக்கற ஆளு வந்துட்டாருங்கோ! எத்தனை மூட்டை ஆச்சுங்க?”

“உன்ற வாயிலிருந்து வர்ற காத்தைப் புடிச்சாலே ஒரு காடு ரொம்பிப் போகும்டா” என்றேன். நன்றாகச் சிரித்தார்கள்.

ஆனால் அவன் அத்தோடு விடவில்லை. மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பியைப் பார்த்தான். “இந்தச் சித்தப்பன் காட்டுலயும் முளை அடிச்சிருக்குதுங்களே. நல்ல காட்டுக்கு அண்ணன் காடு, மொட்டைக் காட்டுக்குத் தம்பி காடு. ரெண்டையும் போட்டாப் புடிச்சு எல்லா ஊர்லயும் காட்டுவாங்களாட்ட இருக்குது.”

தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பழனிவேலுவிடம், “முளை அடிக்கச் சம்மதிக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்டா. உன்ற காட்டுல அடிக்க உட்டயா நீயி?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

டீக்கடைப் பலகையில் இருந்ததை முழுவதும் வாசித்தேன். இஞ்சி டீ, சுக்குக் காபி, போண்டா. மூன்றும் சரி.

புரட்டாசி 12, ஞாயிறு

ஷாகிரா போன் செய்தாள். வருகிற புதன்கிழமை வருகிறாள். எனக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதிரி இருக்கிறது.

பாவாத்தாளிடம் சொன்னேன். அவள் உடனே தூக்குப்போசியைத் தேடினாள். தம்பி மனைவி தெய்வாத்தாளிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று தெரியும். சொல்லட்டும். அவர்கள் காட்டிலும்தானே மண் எடுக்கப்போகிறார்கள்.

விதை உதிர ஆரம்பித்துவிட்டது. நான்காவது அடைப்புக்குள் நான்கூடக் கால் வைப்பதில்லை. வெளியே நின்றே பார்க்கிறேன்.

புரட்டாசி 15, புதன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நீளமாகப் போகும்.

விடிந்ததும் முளை இருக்கும் இடத்தைச் சுத்தமாகக் காட்டவேண்டுமே என்று நான்காவது அடைப்புக்குள் போனேன். முளை அடைப்பின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. கிட்டே போகும்போதே வாடை வந்தது. ஆட்டு வாடை.

முளையைச் சுற்றி ஒரு வீட்டு அளவுக்குப் புல் மிதிபட்டுப் படுத்துக் கிடந்தது. தரை முழுவதும் ஆட்டுப் புழுக்கை. படல் நட்ட குழிகள் நான்கு மூலையிலும் தெரிந்தன. யாரோ ராத்திரியில் படலுக்குள் ஆட்டை அடைத்து, இங்கே ஆட்டுப்பட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, காய்ந்ததும் ஈரமுமாகக் கிடந்ததைப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். கிழக்கு வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து மறுபடி முள் வைத்து அடைத்திருந்தது.

இந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவன் ஒருவன்தான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது. மயிலையின் விலாவைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மாதம் அடைத்துக் காத்த புல். அதில் போய் ஆட்டை விட்டு மேய்த்துவிட்டான் என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் குனிந்து பார்த்தபோது ஒன்று புரியவில்லை. படலுக்கு வெளியே ஒரு புல்கூடக் கடிபடவில்லை. உள்ளே இருந்ததும் மிதிபட்டதுதான், அதிகம் மேய்ந்ததில்லை. ஓரத்தில் தின்று போட்ட வேலங்கிளைகள் கிடந்தன. நான் வெட்டி, கை நிதானம் இல்லாமல் அந்தப் பக்கம் விழுந்த அதே கிளைகள். ஆடுகளுக்கு இங்கே தீனி கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

பாவாத்தாள் பின்னாலேயே வந்துவிட்டாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அட, புத்தி கெட்ட மனுசன்! உங்களுக்கோசரந்தானுங்க உங்க தம்பி பண்ணியிருக்காரு. சந்தைக்குப் போற அன்னைக்கு மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணி காட்டி வயித்தை ரொப்பிக் கூட்டிட்டுப் போறதில்லையா? அப்படி மண்ணுக்குத் தீனி போட்டுட்டாரு. மண்ணுப் பரிச்சையில மார்க்கு எச்சா வரட்டும்னு.”



டீச்சர், ஒன்றைச் சொல்லவேண்டும். கிழக்கே அவன் காட்டிலும் ஒரு முளை இருக்கிறது. மொட்டைக் காடு என்று ஊர் சிரிக்கிற முளை. பட்டி போட்டு மண்ணை உயர்த்திக் காட்டவேண்டும் என்றால் அவன் அங்கே போட்டிருக்கலாம். அவன் ஆடு, அவன் காடு. இருட்டில் வேலியைப் பிரித்து நுழைந்து என் முளையைச் சுற்றிப் போட்டிருக்கிறான்.

பாவாத்தாள் ஓடிப்போய்ச் சீமாறு கொண்டுவந்தாள். “அவிய வர்றதுக்குள்ள கூட்டிப்போடலாம். மேல நாலு சருகை எறைச்சு உட்டா ஆருக்குத் தெரியப்போவுது?”

கூட்டினால் தெரியாதுதான். நல்ல கணக்கு வரும். பழனிவேலு வாயை மூடுவான். சொசைட்டி ஆட்கள் நாளைக்கே முள் வெட்டப் போவார்கள். பாவாத்தாள் கையிலிருந்து சீமாறை வாங்கினேன். வாங்கி, ஒரு தடவை இழுக்கவும் இழுத்தேன். அப்புறம் நின்றுவிட்டேன். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அதைக் கேட்டுவிட்டு நானே பதிலையும் எழுதிக்கொடுத்தால் அப்புறம் எனக்கு என்ன தெரியும்? சீமாறைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஷாகிரா மண் எடுக்கும் குழாயோடு வந்தாள். நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

“அம்மிணி, முளைகிட்ட ஆட்டுப்பட்டி போட்டாச்சு. மண்ணு கலந்துபோச்சு.”

“யாருங்கய்யா போட்டது?”

“நாந்தான். என்ற ஆடுதான்.”

அவள் கட்டுத்தறியைப் பார்த்தாள். மாடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “உங்ககிட்ட ஆடே இல்லீங்களே அய்யா” என்றாள்.

அப்போது கிழக்கு வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வருஷக்கணக்காக என் பக்கம் திரும்பாத குரல்.

“ஆடு என்றதுங்க அம்மிணி. எங்கண்ணனுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லீங்க. அவரு சொல்றதை எழுதிக்காதீங்க.”

ஷாகிராவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முளைக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அதே முளையில் எடுத்தால்தான் பழைய மண்ணோடு ஒப்பிட முடியும், புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய மண்ணைக் கணக்கில் சேர்க்க முடியாது, இது ஆறட்டும், அடுத்த வருஷம் எடுக்கலாம்.

அடுத்த வருஷம். எனக்கு அப்போது எழுபத்தொன்று முடிந்திருக்கும்.

“சரி அம்மிணி, அடுத்த வருசம் வாங்க. நான் இருப்பன்” என்றேன்.

போகும் முன், கணக்குக்கு இல்லை, சும்மா பார்க்க என்று மூன்றாவது அடைப்பில் குழாயை இறக்கினாள். வெளியே வந்த மண்ணை ஒரு சாக்கின் மேல் படுக்கவைத்தாள். மேல் பக்கம் வறுத்த காப்பித்தூள் நிறம், கீழே போகப் போக வெளுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் இழைகள் என் ஒரு சாண் தாண்டியும் இறங்கியிருந்தன. முன்பு சுண்டுவிரல்கூட இல்லாத வேர். அப்புறம் அந்தச் சாக்கோடு கிழக்கே போய்த் தம்பியின் முளையிலும் எடுத்தாள். அது குழாயிலிருந்து தூளாகக் கொட்டியது. அவன் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்தேன். முன்தலை முழுவதும் நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

புரட்டாசி 16

நேற்று எழுதியதில் கை வீங்கிவிட்டது. இன்று இவ்வளவுதான்.

புரட்டாசி 19, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஷாகிராவுக்குப் போன் செய்து ஒன்று கேட்டேன். தம்பி காட்டையும் அடைத்துவிட்டால் அவள் எதோடு ஒப்பிடுவாள்?

“அவர் காட்டை அவர் காட்டோடயே ஒப்பிடலாங்கய்யா. புதன்கிழமை எடுத்த மண்ணுதான் அதுக்கு ஆரம்பம். ஆனா அடைச்சா மாடுங்க எங்க மேயும்?” என்று கேட்டாள்.

“அதை நாங்க பாத்துக்கறம்” என்றேன். நாங்கள் என்று ஏன் சொன்னேன் என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

நேற்று காலையில் இட்டேரி வழியாகக் கிழக்கே நடந்தேன். அவன் வாசலில் செவலையைக் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். கொம்பில் எண்ணெய் தடவியிருந்தது. சந்தைக்குக் கிளப்புகிறான் என்று புரிந்தது. தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“அதை அவுத்து உடு” என்றேன்.

“எங்க உடறதுங்ணா? மேய என்ன கெடக்குது இங்க?”

“நாலாவது அடைப்புல உடு. வெதை உதுந்துருச்சு. இனி மாடு எறங்கலாம். உன்றதும் என்றதும் ஒண்ணாவே மேயட்டும். உன்ற காட்டுக் கடவை அடைச்சுப் போடு. மழை வந்து புல்லு ரெண்டு தடவை தழையற வரைக்கும் ஒரு குளம்பு அதுல படக்கூடாது. ஆட்டுக் குளம்பும் சேத்தித்தான் சொல்றன்.”

அவன் கயிற்றைத் தளர்த்தினான். “பட்டி போட்டது தப்புங்களாண்ணா?” என்று கேட்டான்.

“தப்புத்தான். ஒரு வருசம் போச்சு.” அப்புறம் சொன்னேன்: “மண்ணுக்கு நல்லதுதான். நேரந்தான் தப்பு.”

நியாயம் இப்போதும் என் பக்கம்தான் டீச்சர். ஆனால் அதை வைத்து எந்த மாடும் மேயப்போவதில்லை.

செவலையை அவனே ஓட்டிவந்தான். நான் கடவைத் திறந்தேன். மயிலை தலையைத் தூக்கிப் பார்த்தது. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மேய ஆரம்பித்தன. புல் கடிபடும் அந்தச் சத்தத்தை எழுத முடியுமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த எழுத்தில் இல்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

மழை இன்னும் இல்லை. மேற்கே மட்டும் கொஞ்சம் கறுக்கிறது.

தம்பி காட்டுக் கடவில் நானும் அவனும் முள் வைத்து அடைத்துவிட்டோம். காட்டை நான்காகப் பிரிக்க எங்கே வேலி போடுவது என்று நடந்து பார்த்தோம். அங்கேயே சண்டை வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஒரே அடைப்புக்குள் போய்விடக்கூடாது என்கிறேன். இத்தனை நாள் அப்படித்தானே குடித்தன என்கிறான்.

நாளைக்கு மாடுகளை முதல் அடைப்புக்கு மாற்றவேண்டும். அதற்கும் சண்டை.

“இன்னும் முழங்கா அளவு புல்லு நிக்குதுங்ணா! இதை உட்டுட்டுப் போகச் சொல்றீங்க?”

“அதை உட்டுட்டுப் போனாத்தான் கீழ வேரு நிக்கும். நீ மேல இருக்கறதையே பாத்துட்டு இரு.”

“அந்த அம்மிணியாட்டவே பேசறீங்க.”

பாவாத்தாள் சோறு கொண்டுவந்தவள் இரண்டு பேரையும் பார்த்தாள். “பேசாம இருந்தப்பவே காடு அமைதியா இருந்துது” என்றாள். ஆனால் சோறு மூன்று பேருக்குக் கொண்டுவந்திருந்தாள்.

பழனிவேலு வந்து வேலியோரம் நின்று மூன்றாவது அடைப்பு மண்ணைக் கேட்டான். ஷாகிரா சாக்கில் விட்டுப்போன அந்தக் கறுப்பு மண்ணைக் காட்டினேன். கிண்டலாக எதுவும் சொல்லவில்லை. ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, “அடுத்த வருசம் பாக்கலாம் பெரீப்பா” என்று போனான். பார்க்கட்டும். அடுத்த வருஷம் என் முளை ஆறியிருக்கும். அவன் வராவிட்டாலும் நாங்கள் இரண்டு காட்டில் செய்துகொண்டிருப்போம்.

சாயங்காலம் நான் நோட்டை எடுத்ததும் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “இதுல என்னைப் பத்தியும் எழுதியிருக்கறீங்களாண்ணா?” என்று கேட்டான். எழுதியிருக்கிறேன் என்றேன். “என்ற பேரு எங்க இருக்குது?” என்றான். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எங்கேயும் இல்லை.

அதனால் இப்போது அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். குழந்தையப்பன். இதுவும் நீளமான பெயர்தான். டீச்சர், ழ கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு எழுதும்போது கோட்டிலேயே நிற்கும்படி எழுதுகிறேன்.